ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ உண்மையிலேயே தனிமையைச் சொல்கிற ஓவியமா?

மாடிஜன்னல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓவியம் படித்தவள் இல்லை, பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1942-இல் வரைந்து முடித்த நைட்ஹாக்ஸ் ஓவியத்தின் பெரிய பிரதி ஒன்றை மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஒரு தெருமுனை, நடுராத்திரி தாண்டிய நேரம். தெருவில் ஒரு ஜீவன் இல்லை. மூலையில் ஒரு சாப்பாட்டுக்கடை மட்டும் திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு பளீரென்று எரிகிறது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பேர்: சிவப்பு உடுப்பு போட்ட ஒரு பெண், அவள் பக்கத்தில் தொப்பி வைத்த ஓர் ஆள், இந்தப் பக்கம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னோர் ஆள், கவுண்டருக்குள் வெள்ளைக் கோட்டும் குல்லாவும் போட்ட கடைப்பையன். கதை என்று ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், “தனிமை”. ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், “ஏம்மா இவ்வளவு சோகமான படத்தைச் சாப்பிடுற இடத்துல மாட்டியிருக்கே” என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். இணையத்தில் தேடினாலும் நகரத்துத் தனிமை, அந்நியமாதல் என்றுதான் வருகிறது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்துவிடும், அப்புறம் வராது. தண்ணீர் குடிக்க வந்தவள் அந்தப் படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். ஊரே அடங்கிக் கிடக்கும்போது எங்கோ ஒரு கடையில் விளக்கு எரிகிறது, யாரோ விழித்திருக்கிறார்கள், போய்க் கேட்டால் சூடாக ஒரு காபி கிடைக்கும் என்று மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது. நாம் தனிமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் துணை இல்லாமல் தவிப்பது வேறு, ஏகாந்தமாக உட்கார்ந்திருப்பது வேறு இல்லையா? இந்தப் படத்தில் எனக்குத் தெரிவது இரண்டாவது.

ஆகவே என் கேள்வி இதுதான். ஹாப்பர் எதை நினைத்து வரைந்தார்? படத்தில் யாரும் அழவில்லை, யார் முகத்திலும் துக்கம் என்று தனியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படியிருந்தும் பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நெஞ்சு கனக்கிறது என்றால் அந்தக் கனம் படத்தில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரிக்கோடு எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. நான் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தப் படத்தைப் பார்த்து மூன்று தடவை நகல் எடுத்திருக்கிறேன், மூன்று தடவையும் தோற்றிருக்கிறேன். தோற்றதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கனம் முகத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தெரியாது. கடையின் உட்கூரையில் ஒரு கீற்று மட்டும் கண்ணாடியின் மேல் விளிம்பில் பளிச்சென்று தெரியும், விளக்கு தெரியாது. தெருவில் கம்பத்து விளக்கும் கிடையாது. அமெரிக்காவில் டியூப்லைட் 1938-இல்தான் விற்பனைக்கு வந்தது, அதாவது இந்தப் படம் வரையும்போது அந்த வெள்ளை வெளிச்சம் ஊருக்கே புதுசு. எண்ணெய் விளக்கோ குண்டு பல்போ ஒரு மூலையில் வெளிச்சத்தையும் இன்னொரு மூலையில் நிழலையும் தரும், நாம் நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நான்கு பேரும் கண்காட்சிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கிறார்கள். உள்ளே சுவர் வெளிர் மஞ்சள், வெளியே ஜன்னலுக்குக் கீழே கடை நெடுகப் பச்சை. அந்த மஞ்சளும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது மனிதத் தோலில் ரத்தம் குறைந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நகல் எடுக்கும்போது நான் பச்சையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினேன், உடனே அந்தப் பெண்ணின் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது, படம் செத்துவிட்டது.

அடுத்தது கண்ணாடி. அவ்வளவு பெரிய கண்ணாடியில் ஒரு பிம்பம்கூட இல்லை, கவனித்தீர்களா? கண்ணாடி இருக்கிறது என்பதே அது வளைகிற முனையில்தான் தெரிகிறது. இதே ஹாப்பர் 1927-இல் ஆட்டோமேட் என்று ஒரு படம் வரைந்தார், காசு போட்டால் சாப்பாடு வருகிற கடையில் ஒரு பெண் ஒற்றைக் கையுறையோடு தனியாகக் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், அதில் கடை விளக்குகளின் பிம்பம் மட்டும் இரண்டு வரிசையாக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், தெரு தெரியாது. அங்கே கண்ணாடி அவளை உள்ளே அடைத்துவைக்கிறது. நைட்ஹாக்ஸில் கண்ணாடி நம்மை வெளியே நிறுத்துகிறது.

இதற்குத்தான் வருகிறேன். இந்தப் படத்தில் கடைக்குள் போகக் கதவு இல்லை! வலது ஓரத்தில் மங்கின மஞ்சளில் ஒரு கதவு இருக்கிறது, அது சமையல்கட்டுக்குப் போவது. தெருவிலிருந்து உள்ளே நுழைய வழியை ஹாப்பர் வரையவில்லை. நாம் எதிர்ப்பக்கம் இருட்டில் நிற்கிறோம், உள்ளே நான்கு பேர் வெளிச்சத்தில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் படத்தில் தனியாக இருக்கிற ஆள் அந்த முதுகைக் காட்டுகிறவர் இல்லை அக்கா, படத்துக்கு முன்னால் நிற்கிற நாம்.

ஒன்று செய்து பாருங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவரை உள்ளங்கையால் மறையுங்கள், மிச்சத்தைப் பாருங்கள். அப்புறம் கையை எடுத்து அந்த ஜோடியை மறையுங்கள். கடைசியாகக் கடைப்பையனை மறையுங்கள். என்ன ஆகிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.


பழையதாள் எழுதியது:

ஹாப்பர் என்ன நினைத்தார் என்ற கேள்விக்கு அவர் வாயாலேயே பதில் இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று முட்டுகிற பதில். கேதரின் கூ என்ற விமர்சகர் பிற்பாடு ஒரு நேர்காணலில் இதே விஷயத்தைக் கேட்டார். இந்தப் படத்தைத் தான் அப்படியொன்றும் தனிமையானதாகப் பார்க்கவில்லை என்றார் ஹாப்பர். காட்சியை நிறைய எளிமையாக்கினேன், கடையைப் பெரிசாக்கினேன் என்றார். அதோடு நிறுத்தாமல், ஒருவேளை என்னையறியாமல் ஒரு பெரிய நகரத்தின் தனிமையைத்தான் வரைந்துகொண்டிருந்தேனோ என்னவோ என்றும் சேர்த்தார். இன்னொரு சமயம், தன் படங்களைப் பற்றி இந்தத் தனிமைப் பேச்சை அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். ஆகவே மாடிஜன்னல், உங்கள் பக்கம் ஓவியரே பாதி நிற்கிறார்.

கடை எது என்பதற்கு அவர் சொன்னது, கிரீன்விச் அவென்யூவில் இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்தில் இருந்த ஒரு உணவகம் என்பது மட்டும்தான். நிறையப் பேர் அந்தப் பகுதியில் அலைந்து தேடியிருக்கிறார்கள். எளிமையாக்கினேன், பெரிசாக்கினேன் என்று அவரே சொன்ன பிறகு அப்படியே ஒரு கடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

படம் பிறந்த நாட்களையும் பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது, அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஹாப்பர் இந்தக் கேன்வாஸில் வேலை செய்தது அதை ஒட்டிய வாரங்களில். வாஷிங்டன் ஸ்கொயர் நார்த் 3-ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடியில் அவரும் மனைவி ஜோவும் இருந்தார்கள், 74 படி ஏற வேண்டும், அடுப்புக்கு நிலக்கரியையும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஊரே குண்டு விழுமோ என்று பயந்து விளக்கணைப்பு ஒத்திகை நடத்திக்கொண்டிருக்கிறது. இவர்கள் தலைக்கு மேலே கூரைக் கண்ணாடி. ஜோ துண்டு, சோப்பு, சாவி எல்லாம் ஒரு பையில் கட்டித் தயாராக வைத்துவிட்டார். கணவரோ குண்டு விழும் என்ற பேச்சையே காதில் போட்டுக்கொள்ளாமல் வரைந்துகொண்டிருந்தார் என்று டிசம்பர் 17-ஆம் தேதி அவருடைய அக்காவுக்கு ஜோ கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் முழுக்க விளக்கை அணைக்கச் சொல்கிற நேரத்தில் ஒரு மனிதர் விளக்கு எரிகிற கடையை வரைந்துகொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டு என்னால் இந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. 1942 ஜனவரி 21-இல் முடித்தார். அடுத்த சில மாதத்திலேயே சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 3,000 டாலருக்கு வாங்கிவிட்டது.

ஜோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், அவரை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பேசக்கூடாது. ஜோசஃபின் நிவிசன் அவரும் ஓவியர். 1923-இல் புரூக்ளின் மியூசியம் ஹாப்பரின் நீர்வண்ணப் படத்தை 100 டாலருக்கு வாங்கியதே ஜோ அவர் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தியதால்தான். அதற்கு முன்னால் அவர் விற்ற ஒரே ஓவியம் 1913-இல், பத்து வருஷத்துக்கு முந்தையது. கல்யாணத்துக்குப் பிறகு ஜோ ஒரு கணக்கு நோட்டு போட்டு, முடிந்த ஒவ்வொரு படத்தையும் அதில் பதிந்துவந்தார். ஹாப்பர் பக்கத்தில் சின்னதாக ஒரு கோட்டுப்படம் போடுவார், ஜோ விவரம் எழுதுவார். நைட்ஹாக்ஸ் பற்றிய குறிப்பு இருக்கிறது. செர்ரி மரக் கவுண்டர், வலப்பக்கம் பின்னால் மின்னுகிற உலோகத் தொட்டிகள் (நாம் பாய்லர் என்போம்), மேலே ஃபில்லீஸ் சுருட்டு 5 சென்ட் என்ற விளம்பரப் பலகை, எல்லாம் அதில் வருகிறது. அந்தப் பெண் கையில் வைத்திருப்பது பார்வைக்குத் தீப்பெட்டி மாதிரியும் இருக்கும், மடித்த நோட்டு மாதிரியும் இருக்கும். ஜோ எழுதியிருப்பது சாண்ட்விச். தொப்பிக்காரரை ‘நைட்ஹாக்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ‘அலகு’ என்று போட்டிருக்கிறார், அதாவது அந்த ஆளின் மூக்கு. படத்துக்கு இந்தப் பெயர் பொருத்தமாக இருக்கும் என்று கடிதத்தில் சொன்னதும் ஜோதான். பெயரைக் கேட்டால் பருந்து என்று தோன்றும், ஆனால் அது நம் ஊர்ப் பக்கிக் குருவியின் வகையறா, இருட்டில் பூச்சி பிடிப்பது. ராத்திரி தூங்காத ஆட்களையும் அங்கே அந்தப் பெயரால் சொல்வார்கள். நமக்கு ராக்கோழி.

இப்போது முக்கியமான விஷயம். மாடலாக நின்றது யார் தெரியுமா? பெண்ணுக்கு ஜோ, அப்போது அவருக்கு 58 வயது. இரண்டு ஆண்களுக்கும் ஹாப்பரே, கண்ணாடியில் தன்னைப் பார்த்து. அதாவது அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருக்கிறவரும், முதுகைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறவரும் ஒரே மனிதர். பக்கத்தில் உட்கார்ந்தே தூரத்திலும் உட்கார்ந்திருக்கிற ஒரு கணவன். எட்டியோடு (எட்வர்டைத்தான் அப்படிச் சொல்கிறார்) பேசுவது சில நேரம் கிணற்றில் கல்லைப் போடுகிற மாதிரி, ஆனால் அடியில் விழுந்த சத்தம்கூட வராது என்று ஜோ நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். படத்தில் அந்த இரண்டு பேரின் கைகளையும் பாருங்கள். அவர் கையும் அவள் கையும் தொடுவதற்கு நூலிழை தூரம்தான் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 1967 மேயில் அவர் அதே ஸ்டூடியோவில் இறந்தார், ஜோ அடுத்த வருஷமே போய்விட்டார்.


ராக்கோழி எழுதியது:

என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும். சிகாகோவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக நைட் ஷிஃப்ட். அந்தப் படம் எனக்கு ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறது, பல தடவை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்த் தூங்காமல், பத்தரை மணி வரைக்கும் காபிக்கடையில் உட்கார்ந்திருந்து, பிறகு நேராக அங்கே போவேன்.

முதலில் அளவு. 84 சென்டிமீட்டர் உயரம், 152 சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஐந்தடி. புத்தகத்திலும் போனிலும் பார்க்கும்போது அந்தக் கடை ஒரு பொம்மைப் பெட்டி. நேரில் நின்றால் உங்கள் தோள் அகலத்தைத் தாண்டிக் கடை நீள்கிறது, இடதுபக்கம் அந்தக் காலித் தெரு கண்ணோரத்தில் இருட்டாகக் கிடக்கிறது. அங்கே எதிர்க்கடையில் ஒன்றுமே இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கிட்டே போய்ப் பார்த்தபோது இருட்டு ஜன்னலுக்குள் கல்லாப்பெட்டி ஒன்று இருந்தது. சரக்கு இல்லை, ஆள் இல்லை, கல்லா மட்டும். அன்றைக்கு எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இத்தனைக்கும் அது படத்தில் என் கட்டைவிரல் அளவுகூட இருக்காது.

கரிக்கோடு சொன்னதற்கு ஒரு மறுப்பு. ஒளிந்துகொள்ள இடம் இல்லாத வெளிச்சம் என்கிறீர்கள். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு அந்த வெளிச்சம்தான் வீடு. மூன்று மணி, மூன்றரை மணிக்கு உடம்பு தானாக அணையப் பார்க்கும், அந்த நேரத்தில் மங்கின விளக்கு இருந்தால் நாங்கள் காலி. எங்கள் ஆய்வகத்தில் ஐந்து பேர். அந்த நேரத்தில் யாரும் யாரோடும் பேசமாட்டோம், கோபம் ஒன்றும் இல்லை, பேச ஒன்றும் மிச்சம் இல்லை, இருந்தாலும் ஒருவர் எழுந்து காபி எடுக்கப் போனால் கேட்காமலே இன்னொருவருக்கும் சேர்த்து எடுத்துவருவார். வெளியிலிருந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்க்கிறவருக்கு நாங்களும் இந்தப் படம் மாதிரித்தான் தெரிவோம். ஐயோ பாவம் என்றுகூட நினைப்பார். உள்ளே இருக்கிற எங்களுக்கு அது பாவம் இல்லை. மாடிஜன்னல் அக்கா சொன்ன தெம்பு எனக்கு நன்றாகவே புரிகிறது.

இந்தப் படத்தில் நான் பார்க்கிற ஆள் கடைப்பையன். எல்லோரும் அந்த ஜோடியைப் பற்றியும் முதுகுக்காரரைப் பற்றியும் பேசுகிறார்கள். அவன் குனிந்து கவுண்டருக்குக் கீழே கையை விட்டு ஏதோ செய்துகொண்டே முகத்தை மட்டும் நிமிர்த்தியிருக்கிறான், யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. அவன் ஒருவன் கைதான் வேலையில் இருக்கிறது. பழையதாள் சொன்ன ஜோவின் கடிதங்களில், படம் முடிந்த மறுநாள் எழுதிய ஒன்றை நானும் படித்திருக்கிறேன். இரவு நேரச் சாப்பாட்டுக் கவுண்டர், மூன்று உருவங்கள் என்று எழுதியிருக்கிறார். மூன்று! கடைப்பையனை எண்ணவில்லை. போஸ் கொடுத்தவர்களை மட்டும் நினைத்து எழுதியிருக்கலாம், நோட்டில் அவனைப் பற்றி ரொம்ப அழகான பொன்முடிப் பையன் என்று தனியாகவே எழுதியிருக்கிறார், அதனால் அவர் மேல் குறை சொல்லவில்லை. ஆனாலும் ராத்திரி வேலை பார்க்கிறவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று படித்த அன்றைக்கு எனக்கு வலித்தது.


கரிக்கோடு எழுதியது:

ராக்கோழி அண்ணா, அந்த மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். நான் தெருவிலிருந்தே பார்த்திருக்கிறேன், கடைக்குள்ளிருந்து யோசித்ததே இல்லை.

பழையதாள் ஐயா சொன்ன போர்க்காலக் கதை மனதைத் தொடுகிறது, ஆனால் படத்தின் மொத்த மனநிலையையும் அதன் தலையில் ஏற்றிவிட வேண்டாம் என்று தோன்றுகிறது. 1921-இலேயே நைட் ஷேடோஸ் என்று ஒரு செதுக்கோவியம் போட்டிருக்கிறார், உயரத்திலிருந்து பார்க்கிறோம், ஒரே ஒரு ஆள் தெருவில் நடக்கிறார், ஒரு கம்பத்தின் நிழல் சாலையைக் குறுக்கே வெட்டிக் கிடக்கிறது. 1928-இல் நைட் விண்டோஸ், எதிர்வீட்டு ஜன்னல்களில் ஒரு பெண் குனிந்து நிற்பது பாதி மட்டும் தெரியும். 1940-இல் ஆஃபீஸ் அட் நைட். அந்தப் படத்துக்கு யோசனை எப்படி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார், ராத்திரி நேரத்தில் மேம்பால ரயிலில் போகும்போது அலுவலகங்களின் உள்பக்கம் கண்ணில் பட்டு மறையும், அந்தக் காட்சிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று. எனக்கு இதுதான் சாவியாகத் தெரிகிறது. ரயில் ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குள் இரண்டு வினாடி பார்க்கிறோம். ஒருவர் சட்டை மாற்றுகிறார், ஒருவர் பேப்பர் படிக்கிறார். அவர்களுக்கு முன்னால் என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆகும் என்று தெரியாமலே ரயில் போய்விடுகிறது. அந்த இரண்டு வினாடியை ஐந்தடி கேன்வாஸில் ஒன்றரை மாதம் உட்கார்ந்து வரைந்தால் இப்படித்தான் வரும். நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அப்புறம் என்ன ஆகும் என்பது வருவதே இல்லை.

கையால் மறைத்துப் பார்த்தீர்களா அக்கா?


மாடிஜன்னல் எழுதியது:

பார்த்தேன். நேற்று ராத்திரி மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தேன், அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

முதுகைக் காட்டுகிறவரை மறைத்தவுடன் படம் சாதாரணமாகிவிட்டது. சினிமா பார்த்துவிட்டு லேட்டாகச் சாப்பிட வந்த ஒரு ஜோடி, அவ்வளவுதான், நாளைக்கு ஆபீஸ் போவார்கள். ஜோடியை மறைத்தபோது எனக்கே பயமாக இருந்தது, அந்த ஆள் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று. கடைப்பையனை மறைத்ததும் மகள்தான் முதலில் சொன்னாள், “இப்போ இது கடை இல்லம்மா, ரயில்வே வெயிட்டிங் ரூம்”. அவள் சொன்னது சரி. காபி கிடைக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கை முழுக்க அந்தப் பையன் ஒருவன் கையில் இருந்திருக்கிறது. இவ்வளவு நாள் அவனைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

கதவு இல்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று மாதமாக ராத்திரியில் அந்தக் கடைக்குள் மனதால் போய் உட்கார்ந்துவந்திருக்கிறேன், எந்த வழியாகப் போனேன் என்று தெரியவில்லை. நேற்று தேடியபோது மகளும் நானும் மேசையில் ஏறி நின்று படத்தின் ஓரம் ஓரமாகப் பார்த்தோம். இல்லைதான். பார்த்த பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் குளிர்ந்தது. இந்த வருஷம் அவள் கல்லூரிக்கு வேறு ஊர் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான். இதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, எழுத எழுத வந்துவிட்டது. அவள் ஏன் சோகமான படம் என்று முதல் நாளே சொன்னாள், நான் ஏன் அடம்பிடித்து இல்லை என்றேன் என்று இப்போது யோசிக்கிறேன். படத்தைக் கழற்றப் போவதில்லை. மகளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தக் கைகளைப் பற்றி ஒரு சந்தேகம். என் பிரதியில் விரல்கள் தொடுகின்றனவா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, அச்சில் அந்த இடம் கலங்கியிருக்கிறது. ராக்கோழி தம்பி, அடுத்த தடவை போகும்போது நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா?


ராக்கோழி எழுதியது:

கட்டாயம் அக்கா. வியாழக்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிகிறது, அன்றைக்கே போகிறேன். கோட்டைத் தாண்டிக் கிட்டே போனால் காவலர் வந்துவிடுவார், ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பெயிண்டின் மேடுபள்ளம் தெரியும், விரலுக்கும் விரலுக்கும் நடுவில் கவுண்டரின் பழுப்பு நிறம் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். கடைப்பையன் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பார்த்து வருகிறேன்.